ஆற்றில் மீன்குஞ்சு விடலாமா? செத்தாப்பாக் நேயரின் கேள்விக்கு விளக்கம்

கோலாலம்பூர், செத்தாப்பாக்கிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "எங்கள் தாமான்காரர்கள் சேர்ந்து கோம்பாக் ஆற்றோரம் மரம் நட்டு, மீன்குஞ்சும் விடலாம் என்று இருக்கிறோம். பழைய ஆற்று மீன்கள் திரும்பி வருமா? எந்தக் குஞ்சு வாங்கலாம்?"

குஞ்சு வாங்காதீர்கள். சுலபமாகக் கிடைப்பது திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான். இரண்டும் நம் ஆற்று மீன் இல்லை. கோம்பாக், கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிவிட்ட இக்கான் பண்டாராயா என்கிற தொட்டி மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கியவர்கள், அது பெரிதானதும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். இப்போது அது முட்டையிடக் கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கிறது. புண்ணியத்துக்கு மீன் விடுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, உள்ளூர் மீன் எப்படி வரும்? அதற்கு ஆறு பரவ இடம் வேண்டும். ஹாருவான், அதாவது நம் விரால், ஓட்டம் குறைந்த, புல் மூழ்கிய ஆழமில்லாத தண்ணீரில்தான் முட்டையிடும். தாயும் தந்தையும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். (அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ஹாருவான் சூப் தேடி அலைகிறோமே, அதே மீன்தான்.) பூயு என்கிற பனையேறிக் கெண்டைக்கும் அப்படிப்பட்ட தாழ்ந்த, ஈரமான ஓரம்தான் பிடிக்கும். 1971 வெள்ளத்துக்குப் பிறகு கோலாலம்பூர் ஆறுகளை ஆழப்படுத்தினார்கள், அகலப்படுத்தினார்கள், பல இடங்களில் கான்கிரீட் போட்டார்கள். வெள்ளத்தைச் சீக்கிரம் வெளியேற்ற அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் வழுவழுப்பான சுவருக்குள் மழைத்தண்ணீர் பாயும்போது குஞ்சு ஒதுங்க ஓர் இடுக்குகூட இல்லை.

சிங்கப்பூரில் பீஷான் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். பெருமழையில் புல்வெளியே ஆற்றின் பகுதியாகிவிடுகிறது. இதை ஒரு தாமான் சங்கம் தனியாகச் செய்ய முடியாது. ஆனால் ஆற்று ரிசர்வ், அதாவது ஆற்றுக்கென்று கரையோரம் ஒதுக்கிவிடும் நிலத்தைக் காப்பாற்றலாம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியின்படி 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் விட வேண்டும். உங்கள் பக்கம் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கார் நிறுத்துமிடமா, கடையா? அதை முதலில் நடந்து பாருங்கள்.

ஆற்றின் மேல்பகுதியான உலு கோம்பாக்கில் இன்னும் காடு இருக்கிறது. நடுவில் பெரிய தடுப்பு இல்லாமல், ஒதுங்க இடமும் இருந்தால் மீன்கள் தாமாகவே கீழே இறங்கும். செபாராவ் போல தெளிந்த ஓட்டம் கேட்கும் மீன்கள் நகரத்துக்குள் வருவது கஷ்டம். ஹாருவான் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் தாங்கும்.

அப்புறம் மரம். தண்ணீரை ஒட்டிப் புத்தாட் மரமும், ஆரா என்கிற அத்தி வகைகளும் நல்லது. அத்திப்பழம் தண்ணீரில் விழுந்தால் மீனுக்குத் தீனி. வேகமாக வளர்கிறது என்று அக்காசியா மாங்கியம் நட வேண்டாம், அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். நடுவதற்கு முன் இலாகாவிடம் கேளுங்கள். அவர்கள் தூர்வார இயந்திரம் கொண்டுவரும் பாதையில் நட்டால் அடுத்த முறை வேரோடு போய்விடும்.