மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காலை அவசரத்தில் சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுபோனால் என்ன செய்கிறோம்? சுவிட்சை நாலு முறை திருகுகிறோம், பிளக்கை ஆட்டிப் பார்க்கிறோம். அப்புறம், "வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்து மிக்ஸிகள் என் சாப்பாட்டு மேசைக்கு வர ஆரம்பித்தன. நான் திறந்து பார்த்தவற்றில் மோட்டாரே போனவை குறைவு. தேய்வதற்கென்றே வைத்திருக்கும் சின்னப் பாகம் ஏதாவது தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கிவிட வேண்டும். இதை மறுபடியும் சொல்வேன்.

இப்போது ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், அநேகமாகச் சிவப்பு. அதுதான் ஓவர்லோடு பட்டன். தண்ணீர் போதாமல் உளுந்தை அரைத்தாலோ, ஜாரை நிரப்பிவிட்டாலோ மோட்டார் திணறும், அதிக மின்சாரத்தை இழுக்கும். எரிந்துபோகாமல் காப்பாற்றத்தான் இந்தப் பட்டன் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள், ஓடும். மறுபடி மறுபடி நின்றால் ஜாரின் பிளேடைக் கரண்டிக் காம்பால் சுற்றிப் பாருங்கள். பழைய துவையல் அடியில் இறுகி, பிளேடே அசையாமல் இருக்கலாம்.

சரி, மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் தேங்காய் அப்படியே கிடக்கிறது என்றால்? அது கப்ளர். ஜாரை வைக்கும் இடத்தில் பூப்போல ஒரு ரப்பர் இருக்கிறதே, அதுதான். பல் தேய்ந்துவிட்டால் ஜாரைப் பிடிக்காது, கடகடவென்று சத்தம் வரும், சுற்றிலும் கருப்புத் தூள் உதிர்ந்திருக்கும்.

இந்தக் கப்ளரோடு எனக்கு ஒரு பழைய கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் மிக்ஸியில் கப்ளர் தேய்ந்துவிட்டது. புதியது வாங்கி வந்துவிட்டேன், பழையது கழலவே இல்லை. எல்லாத் திருகாணியையும் போல இடப்பக்கமாகத் திருப்பினேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அப்பா குறட்டால் பிடித்துத் திருப்பினார், ரப்பர் பிய்ந்ததுதான் மிச்சம். இருட்டிவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "மிக்ஸி எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே திருப்பேன்மா. கிணத்து மோட்டாரைக் கழட்ட வந்தவர் அப்படித்தானே செஞ்சார்" என்றார். திருப்பினேன். ஒரே சுற்றில் கழன்றது!

ஏன் என்று சொல்கிறேன். தேங்காயும் மிளகாயும் பிளேடைப் பின்னால் இழுக்கின்றன, மோட்டாரின் தண்டு முன்னால் ஓடுகிறது. அந்த இழுபறியில் கப்ளர் மேலும் மேலும் இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். ஓட ஓட இறுகும். அதனால் மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். வகுப்பில் நான் நடத்திய வினையும் எதிர்வினையும் அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது. ஆனால் அடித்தட்டைக் கழற்றி, தண்டின் கீழ் முனையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்டும் கூடவே சுற்றும். திறக்கும் முன், மறுபடியும் சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எங்கே போனது என்று பிறகு தேட வேண்டாம். அம்மாவின் மிக்ஸி அதற்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் ஓடியது.

நம் நாட்டு மிக்ஸியே ஒரு பழுதிலிருந்து பிறந்ததுதான். 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸர் நம் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனது. இங்கே அதைச் சரிசெய்ய வழி இல்லை. அவர் மனைவி மாதுரிக்காகத் தாமே ஒன்றைச் செய்ய முனைந்தார். அதுதான் சுமீத் என்ற மிக்ஸி ஆயிற்று. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அடுத்து கார்பன் பிரஷ். மோட்டாரின் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த இரண்டு சின்னக் கரித்துண்டுகள், சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. உரசி உரசித் தேயும். மிக்ஸி விட்டுவிட்டு ஓடினால், தட்டினால் ஓடினால், உள்ளே பொறி அதிகமாகத் தெரிந்தால் இதைப் பாருங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கருகல் வாடையோடு புகை வந்தால் மட்டும் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜார் அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். ஒழுகும் தண்ணீர் நேரே மோட்டாருக்குள் இறங்கும். ஜாரின் அடியில் பிளேடுத் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் ஒழுகாமல் அடைக்கும் வாஷரும் மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.

கிரைண்டரைப் பற்றியும் நிறையப் பேச வந்தேன். நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார். இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஓடி, பாத்திரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும், அதை நீங்களே மாற்றலாம். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கெபாசிட்டர் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், தொடாதீர்கள். வணக்கம்.