ஆறு கைவிட்ட வாய்க்கால்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய நகரம் என்றால் புதையல் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்கிறோம். தெற்கு இராக்கில் உர் நகரை 1922 முதல் 1934 வரை தோண்டிய லெனார்ட் வூலிக்கும் பெரும்பெயர் வாங்கித் தந்தது அரச கல்லறைகளில் கிடைத்த தங்கம்தான். என்னைக் கேட்டால், அங்கே வாய்க்கால்தான் பெரிய சேதி. வானத்தை நம்பி வெள்ளாமை வைக்க முடியாத பூமி அது.

யூப்ரடீஸ் சுமந்து வரும் வண்டல் இரு கரையிலும் படிந்து படிந்து, ஆறே பக்கத்து நிலத்தைவிட உயரத்தில் ஓடத் தொடங்கிவிடும். உழவருக்கு அது வசதி. கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், இறைக்க வேண்டியதில்லை. ஆபத்தும் அதில்தான். கரை உடைந்து பள்ளம் பார்த்துப் போன ஆறு, பழைய வழிக்குத் திரும்பாமலே போகலாம். போதாக்குறைக்கு, விதைக்கும்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கும் சித்திரை வாக்கில் வெள்ளம். ஒருவன் தன் கரையைப் பராமரிக்காமல் விட்டு, உடைப்பில் அடுத்தவர் பயிர் அழிந்தால் அவனே தானியம் அளக்க வேண்டும். முடியாவிட்டால் அவனையே விற்றுவிடலாம் என்கிறது பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டம். கொடுமைதான். ஆனால் உடைப்பெடுத்த கரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

இத்தனை வாய்க்கால் வெட்டிய நாட்டில் மிகப் பழையவை கண்ணில் படுவது அபூர்வம். பின்னால் வந்தவர்கள் அதே நிலத்தில் புதிதாக வெட்டினார்கள். மிச்சத்தை வண்டல் மூடியது. உர் நகருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பழைய நகரமான எரிதுவின் வட்டாரம் மட்டும் தப்பியது. கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தில் யூப்ரடீஸ் தடம் மாறி அதைக் கைவிட்டது. பிறகு அங்கே யாரும் பெரிதாகப் பயிரிடவில்லை.

அந்தத் தரிசில்தான் இராக்கியத் தொல்லியலாளர் ஜாஃபர் ஜோத்தேரி குழுவினர் 1960-களின் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களையும் டிரோன் படங்களையும் வைத்துக்கொண்டு, நேரில் நடந்தும் பார்த்து, 200-க்கு மேற்பட்ட பெரிய வாய்க்கால்களையும் 4,000-க்கு மேற்பட்ட கிளை வாய்க்கால்களையும் வரைபடமாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். எண்ணிக்கையைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். இவை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் ஓடவில்லை. தூர்ந்ததை விட்டுவிட்டு அடுத்ததை வெட்டியிருக்கிறார்கள், பல நூற்றாண்டுகளாக. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொன்றுக்கும் காலம் கணிக்க வேண்டும். அதற்கு மண்வெட்டியோடு களத்தில் இறங்கத்தான் வேண்டும். வானத்துப் படம் போதாது.

நன்றி, வணக்கம்.