சரித்திரத் தொடரும் கூடவே வரும் பாட்காஸ்டும்: ரசனையை வளர்க்கிறது!

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'சரித்திரத் தொடரோடு வரும் பாட்காஸ்ட் ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?' என்பது தலைப்பு. பாட்காஸ்ட் என்றால், தொடரை உருவாக்கியவர்களே அதைப் பற்றிப் பேசி வெளியிடும் ஒலி நிகழ்ச்சி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "கூத்துப் பார்க்கப் போனவன் அரிதாரம் பூசுற கொட்டகைக்குள்ள எட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அம்மா, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் முதலில் போய் நிற்கிற இடமே அந்தக் கொட்டகைதான்! துரியோதனன் முகத்தில் சிவப்பு ஏறுவதை வாய் பிளந்து பார்ப்பார்கள். அவன் திரைக்கு வெளியே வந்து நின்றதும் அலறுவதும் அதே பிள்ளைகள்தான்.

2019-ல் எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் வெளியிட்ட தொடர் 'செர்னோபில்'. 1986-ல் சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த கதை, ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பாட்காஸ்டில் அதை எழுதிய கிரெய்க் மேசின், வானொலிக்காரர் பீட்டர் சேகலோடு உட்கார்ந்து, எது நடந்தது, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று பேசுவார்.

கடைசிப் பகுதி நீதிமன்றம். லெகாசோவ் என்ற விஞ்ஞானி சிவப்பு அட்டை, நீல அட்டையாக எடுத்துச் செருகி, உலை எப்படி வெடித்தது என்று விளக்குவார். உலையின் வடிவமைப்பிலேயே இருந்த குறையை அரசு மறைத்ததைப் போட்டு உடைப்பார். படுத்திருந்த என் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பஸ்ஸில் பாட்காஸ்ட் கேட்கிறேன். 1987-ல் நடந்த அந்த விசாரணைக்கு லெகாசோவ் வரவே இல்லையாம்! எழுதியவரே சொல்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது நடுவர் அவர்களே. பிறகு தேடிப் படித்தேன். 1986 ஆகஸ்டில் வியன்னாவில், உலக நாடுகளின் நிபுணர்கள் முன் ஐந்து மணி நேரம் பேசியிருக்கிறார் அவர். அங்கே ஊழியர்களின் தவறுதான் பெரிதாக வந்தது. வடிவமைப்பின் குறை முழுதாக வரவில்லை. 1988 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். உண்மையை முழங்கிய நாடக லெகாசோவைவிட, முழுதும் சொல்லாமல் ஊர் திரும்பிய இந்த மனிதர்தான் என் மனதை இன்னும் அறுக்கிறார். அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பாட்காஸ்ட்.

"அது விளம்பரம்தானே" என்றார் இன்னொரு நண்பர். காசு அதே நிறுவனத்தின் காசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த விளம்பரம் 'இந்தக் காட்சி நடக்கவில்லை' என்று தானே வந்து சொல்லும்?

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரௌன்' தொடருக்கு, இது கற்பனை கலந்தது என்று ஓர் எச்சரிக்கை வரி வேண்டும் என்று 2022-ல் நடிகை ஜூடி டென்ச் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். முன்னோட்டத்தோடு ஒரு வரியும் வந்தது: கற்பனை கலந்த நாடகம். எந்தக் காட்சி கற்பனை? அந்த ஒரு வரிக்குத் தெரியாது. அந்தத் தொடரின் பாட்காஸ்டில் ஆய்வுக் குழுத் தலைவி ஆனி சல்ஸ்பர்கரே வந்து உட்கார்ந்து பேசுகிறார்.

செர்னோபிலில் ஹோம்யுக் என்று ஒரு பெண் விஞ்ஞானி வருவார். அப்படி ஒருவர் இல்லை, லெகாசோவோடு உழைத்த பல விஞ்ஞானிகளுக்குச் சேர்த்து வைத்த ஒரே முகம் அது என்று அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ அவங்க பேரெல்லாம் என்னம்மா?"

அன்று இரவு இருவரும் உட்கார்ந்து தேடினோம். நன்றி, வணக்கம்.