தேருக்கு முட்டுக்கட்டையும் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, திருவிழா வேலைகளுக்கு நடுவிலும் வந்து சிறப்பித்திருக்கும் அறங்காவலர் குழுவினரே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நூலக அலுவலரிடம் கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அதுவரை அவர் இருந்தருள வேண்டும்.

ராஜாஜியின் அரசியலில் சொத்துரிமை, சமய நம்பிக்கை, மாநில உரிமை என்ற மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஊர் கூடித் தேர் இழு’ என்பார்கள். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடப்பவரைப் பாருங்கள். வீதி முனையில் அவர் சரியான சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தால்தான் தேர் திரும்பும். சரிவில் அவர் கை தவறினால் ஆள் நசுங்கும். பேச்சில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். தேரடியில் அதுதான் உயிர்காப்பு. ராஜாஜிக்கு அரசியல் சாசனம் அந்தக் கட்டை.

முதலில் சொத்துரிமை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 80. 1951-இல் வந்த சாசனத்தின் முதல் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையை உண்டாக்கி, 13 நிலச் சீர்திருத்தச் சட்டங்களை அதில் வைத்தது. அதில் ஏறிய சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி நீதிமன்றத்தில் வீழ்த்த முடியாது என்பது அன்றைய நிலை. 1964-இல் 17-ஆம் திருத்தம் இன்னும் 44 சட்டங்களை ஏற்றியது. அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலம் வைத்திருந்த சிறு விவசாயியும் அந்த வலைக்குள் வந்தார். ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். சாசனத்தைத் திருத்த 368-ஆம் பிரிவு இரண்டு கணக்குக் கேட்கிறது: வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். அந்த ஏப்ரலில் மக்களவையில் மசோதா விழுந்தது இரண்டாவது கணக்கில்தான். வராதவர்களும் எண்ணப்படுகிறார்கள்! ஆனாலும் சில வாரங்களிலேயே அது நிறைவேறியது.

அடுத்தது சமயம். 1939 ஜூலை 8, மதுரை. காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், தீண்டாமையின் பேரால் கோயிலுக்குள் விடப்படாத மக்களில் கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைகிறார். தெற்குக் கோபுரம் அன்றுவரை அந்த மக்களுக்கு வெளியிலிருந்து கும்பிடும் காட்சிதான். அர்ச்சகர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். வழக்கத்தை மீறிவிட்டார்கள் என்று கோயில் அதிகாரிகள் மேல் வழக்கு வரும் நிலை. மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, ‘துணிந்து செய்தீர்கள், இனி உங்கள் பாடு’ என்று விட்டுவிடவில்லை. ஆளுநர் வழியாக அவசரச் சட்டம், பின்னாலேயே சட்டமன்றத்தில் சட்டம். நடந்துவிட்ட நுழைவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு! கோயில் திறந்தது, திறந்தவர்களும் சிறைக்குப் போகவில்லை. கீதையைச் சிந்தித்த வைணவர் செய்த காரியம் இது. பக்தி வேறு, தீண்டாமை வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். அறங்காவலர் விரும்பினால் திறக்கலாம் என்றுதான் 1939 சட்டம் சொன்னது. எல்லாக் கோயிலும் உரிமையாகத் திறக்க 1947 சட்டம் வரவேண்டியிருந்தது. பிறகு சாசனத்தின் 25-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. வழிபாட்டுச் சுதந்திரம் தரும் அதே பிரிவுதான் பொதுக் கோயில்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்றும் சொல்கிறது. ராஜாஜியின் இன்னொரு குறை: 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற அரைநாள் பள்ளித் திட்டத்தை அவர் ஊரைக் கூட்டாமலே இழுத்தார். தேர் நின்றது, அடுத்த ஆண்டே பதவியும் போனது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், அவருக்கும் அதே விதி.

ஊர் கூட வேண்டுமானால் ஊருக்குப் படிக்கக் கிடைக்க வேண்டும். இங்கேதான் என் கோரிக்கை. மாநில உரிமையை இன்னொரு மேடைக்கு ஒத்திவைக்கிறேன். அரசியல் சாசனத்தின் தமிழ்ப் பதிப்பு ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும். திருத்த மசோதா எது வந்தாலும், அவையில் வாக்கெடுப்புக்கு முன்பே அதன் தமிழாக்கம் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய வாசகம் ஒரு பத்தியில், புதிய வாசகம் எதிர்ப் பத்தியில். வாரம் அரை மணி நேரம் யாராவது உரக்கப் படிக்கட்டும், 25-ஆம் பிரிவில் தொடங்கட்டும்.

நூலக அலுவலர் அவர்களே, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். செய்தித்தாள் மேசை மேலேயே கிடக்கட்டும். மனு வாசலில் இருக்கிறது, போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள்.