பதின்மூன்று வயதுப் பெண்ணின் கதையைப் பதின்மூன்று வயதுப் பெண் பார்க்கக் கூடாதா?

நேயர்கள் அனைவருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம். வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைகளை உலுக்கிக்கொண்டிருக்கிறது. சன்னலைச் சாத்திய பிறகும் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு படத்தைப் பற்றியும், அதன் மேல் குத்தப்பட்ட ஓர் எழுத்து முத்திரையைப் பற்றியும் பேசப் போகிறேன்.

படத்தின் பெயர் 'எய்த் கிரேட்', அதாவது எட்டாம் வகுப்பு. மேடை நகைச்சுவையில் பெயர் வாங்கிய போ பர்னம் எழுதி இயக்கிய முதல் திரைப்படம் இது. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இந்தப் படத்தை, அதே ஆண்டு ஜூலையில் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. எட்டாம் வகுப்பின் கடைசி நாட்களில் இருக்கும் கெய்லா என்ற பெண், தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று தன் அறையில் உட்கார்ந்து காணொளியில் பேசுகிறாள். அதைப் பார்ப்பவர் அநேகமாக யாருமில்லை. பள்ளியிலோ, 'மிகவும் அமைதியானவள்' என்ற பட்டத்தை வகுப்பே ஓட்டுப் போட்டு அவளுக்குக் கொடுக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையை அடைக்கிற படம்.

இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்று கிடைத்தது. பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கூட வந்தால்தான் உள்ளே போகலாம் என்பது அதன் பொருள். படத்தில் வரும் கெட்ட வார்த்தைகளும், பதின்வயதினர் தொடர்பான சில பாலியல் விஷயங்களும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கெய்லாவாக நடித்த எல்ஸி ஃபிஷருக்குப் படப்பிடிப்பின்போது 14 வயது, படம் வெளிவந்தபோது 15. தான் நடித்த படத்துக்குத் தானே தனியாக டிக்கெட் வாங்க முடியாத நிலை அந்தப் பெண்ணுக்கு.

அமெரிக்காவில் இந்தச் சான்றை வழங்குவது அரசாங்கம் அல்ல. 1968 முதல் திரைத்துறையே நடத்திவரும் அமைப்பு. அங்கே பிள்ளை பெற்றவர்கள் உட்கார்ந்து படம் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட கெட்ட வார்த்தை ஒரு முறை வந்தால், பெற்றோரை எச்சரித்துவிட்டு எல்லா வயதினரையும் உள்ளே விடும் 'பிஜி-13', அதற்கு மேல் வந்தால் பொதுவாக 'ஆர்' என்று எண்ணிக்கை ஒன்று வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் பறிகொடுத்த மகனைத் தேடிப் போகும் ஒரு வயதான தாயின் கதையான 'ஃபிலோமினா'வுக்கு 2013இல் 'ஆர்' கொடுத்துவிட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு 'பிஜி-13' என்று மாற்றிக்கொண்டார்கள். 1994இல் வந்த 'கிளர்க்ஸ்' என்ற சின்னப் படத்துக்கோ, பேச்சுக்காக மட்டுமே 'ஆர்' சான்றைவிடக் கடுமையான 'என்சி-17' கொடுக்கப்பட்டு, அதுவும் மேல்முறையீட்டில்தான் 'ஆர்' ஆனது. எண்ணிப் பார்ப்பவர்கள் எதற்காக அந்தச் சொல் வருகிறது என்று பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கார்க் காட்சி. கெய்லாவை வீட்டில் விடுவதாகச் சொல்லி அழைத்து வரும் உயர்நிலைப் பள்ளிப் பையன், வழியில் காரை நிறுத்திவிட்டுப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். விளையாட்டு என்று தொடங்கி, அவளைச் சட்டையைக் கழற்றச் சொல்கிறான். அவள் முடியாது என்கிறாள். தப்பு அவன் மேல் இருக்க, மன்னிப்புக் கேட்பவள் அவள். அந்தக் குரல் நடுங்குவதைக் கேட்ட எந்தத் தாயும், இதைத் தன் மகள் பார்க்கக் கூடாது என்று சொல்லமாட்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நடக்கக்கூடியதை அவள் கண்ணில் படாமல் மறைத்துவிடுவது எப்படிப் பாதுகாப்பாகும்?

படத்தை வெளியிட்டவர்கள் இதற்குச் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 2018 ஆகஸ்டு 8ஆம் தேதி, மாநிலத்துக்கு ஒரு திரையரங்கு என்று ஐம்பது மாநிலங்களிலும், வயது கேட்காமல், இலவசமாகப் படத்தைத் திரையிட்டார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். அமெரிக்காவின் 'ஆர்' பெற்றோருக்காவது கதவைத் திறந்து வைக்கிறது. நம் நாட்டின் 'ஏ' சான்றில் அந்த வாசலும் இல்லை. சென்ற ஆண்டு, சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்ட ஒரு நல்ல தமிழ்ப் படத்துக்கு, மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட நான் இருந்தும், அவள் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்றவரை நான் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. ஆனால் பக்கத்துத் திரைக்கு, சுவரொட்டியிலேயே ரத்தம் சொட்டிய படத்துக்கு, நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் தாராளமாக உள்ளே போனார். அது, பெரியவர் துணையோடு குழந்தைகளும் பார்க்கலாம் என்ற 'யு/ஏ' சான்று பெற்ற படம். திரும்பி வந்த பேருந்தில் என் மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 'யு/ஏ' சான்றை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்து, பெற்றோரின் முடிவுக்கு விட்டிருப்பது நல்ல மாற்றம்தான். என்றாலும் சென்சார் போர்டின் முடிவை எதிர்த்து முறையிட முன்பு இருந்த தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால், கடன் வாங்கிப் படம் எடுத்தவர் இனி உயர் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து காட்சியை வெட்டிக் கொடுப்பவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை இரவு, 'எய்த் கிரேட்' படத்தை என் மகளோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கார்க் காட்சி வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புப் பண்ணினது அவன்தானேம்மா, இவ எதுக்கு சாரி சொல்றா?" என்று கேட்டாள். படத்தை நிறுத்தினேன். அதன்பிறகு அவளாகவே தன் பள்ளிப் பேருந்தில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அது அவளுடையது, இங்கே சொல்லமாட்டேன். மணி பதினொன்றைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம்.