மூன்று அடி எங்கே போனது?

வணக்கம் நேயர்களே. பழைய கட்டடங்களை அளக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள், நானும் சரி என்றுவிட்டேன், அப்புறம்தான் யோசித்தேன், ஒரு படம்கூடக் காட்ட முடியாத வானொலியில் படம் கீறுகிறவள் வந்து என்ன பேசுவது என்று. பரவாயில்லை, ஒரு கடையில் தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒன்று. தொல்லியல் என்றாலே எல்லோருக்கும் மண்வெட்டியும் தூரிகையும்தான் ஞாபகம் வரும். நான் தோண்டுகிற ஆள் இல்லை. தரைக்கு மேலே நிற்பதை, அது கோயிலோ ஒல்லாந்தர் கால வீடோ பாதி இடிந்த மடமோ, அளந்து கடதாசியில் இறக்குவதுதான் என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்னைக் கொழும்புக் கடைத்தெருவான புறக்கோட்டைக்கு அனுப்பினார்கள். குறுக்குத் தெரு ஒன்றில் பழைய இரண்டு மாடிக் கடை, கீழே துணி வியாபாரம், மேலே பலகைத் தளம் போட்ட சாமான் அறை. புறக்கோட்டையில் பகல் நேரத்தில் ஒரு டேப்பை நேராக இழுத்துப் பிடிப்பது என்ன பாடு என்று அங்கே ஒரு தடவை நடந்தவர்களுக்குத் தெரியும், நாட்டாமி ஒருவர் மூட்டையோடு வந்தால் டேப்பை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவர் போன பிறகு மறுபடி பூச்சியத்திலிருந்து. கடைக்கார நானா ஒரு மணித்தியாலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "என்ன தங்கச்சி, அளக்கிறீங்க? உடைக்கப் போறாங்களா?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. கொழும்பில் டேப்போடு வருகிறவர் வீதியை அகலமாக்க வந்தவர், இல்லாவிட்டால் வரி கூட்ட வந்தவர், இல்லாவிட்டால் வாங்கி இடிக்க வந்தவர். சும்மா கீறி வைக்க வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? பிளேன்டீ குடித்துக்கொண்டே விளக்கினேன். அவர் நம்பவில்லை, ஆனால் ஏணி தந்தார்.

எப்படி அளப்பது? நான்கு சுவரையும் அளந்தால் அறை வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். வராது. நான்கு பக்கமும் சரியான நீளம் இருந்தாலும் அந்த அறை நீள்சதுரமாகவும் இருக்கலாம், சரிந்த தீப்பெட்டி மாதிரியும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை குறுக்கே, இரண்டு பக்கமும், மூலைவிட்டம் எடுக்க வேண்டும். முக்கோணத்துக்கு மட்டும்தான் மூன்று பக்கம் தெரிந்தால் அசைய இடமில்லை. மேசன்மார் மூன்று, நாலு, ஐந்து அடிப் பக்கமாகக் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே சங்கதிதான், அவர்கள் நேராகக் கட்டுவதற்குச் செய்கிறார்கள், நாங்கள் எவ்வளவு கோணலாகக் கட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்கிறோம்.

இன்னொன்று, சுவரில் வரிசையாகக் கதவு, யன்னல், தூண் என்று இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அரை சென்ரிமீற்றர் பிசகினால், அது ஒரே பக்கமாகவே பிசகினால், இருபது அளவில் பத்து சென்ரிமீற்றர் காணாமல் போய்விடும். டேப்பின் பூச்சியத்தை ஒரு மூலையில் பிடித்துவிட்டு, அதைக் கழற்றாமல், கடைசி வரைக்கும் வாசித்துக்கொண்டே போக வேண்டும். உயரத்துக்குத் தரையை நம்பவே கூடாது, பழைய தரை எல்லாம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, கட்டடம் முழுக்க ஒரே மட்டத்தில் சோக்கட்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து மேலேயும் கீழேயும் அளப்போம். இன்றைக்கு அந்தக் கோட்டை லேசர் போடுகிறது. மின்சாரம் போன நாளில் மறுபடி தண்ணீர்க் குழாய்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். இரவு கந்தோரில் இருந்து எல்லாவற்றையும் கீறினேன். உள்ளே அறைகளின் நீளம், சுவர்களின் தடிப்பு, எல்லாம் கூட்டினால் வெளியே அளந்த நீளத்துக்கு மூன்று அடி குறைகிறது. மகாபலியிடம் கேட்ட மாதிரி மூன்று அடி. நான் செய்த காரியம் வெட்கக்கேடு: ஒரு சுவரை மூன்று அடி தடிப்பாகக் கீறிவிட்டேன். ஒல்லாந்தர் சுவர் தடிப்பாகத்தானே இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த நாள் என் மேலதிகாரி படத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை ஏசவில்லை. "பிள்ளை, மேல்மாடித் தரையில எல்லாப் பலகையும் ஒரே அகலமா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அதே இடத்துக்கு நேர் மேலே ஏழெட்டுப் பலகை மட்டும் ஒடுக்கமாக இருந்தது, நான் கண்ணால் கண்டேன், படம் அழகாக வர வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அகலமாகக் கீறியிருந்தேன். திரும்பிப் போய், நானாவின் அனுமதியோடு ஒரு பலகையைக் கிளப்பி டோர்ச் அடித்துப் பார்த்தோம். கீழே படிக்கட்டு. இரண்டே கால் அடி அகலம், அதை மறைத்து எழுப்பிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கூட்டிப் பாருங்கள். எப்போதோ ஒருவர் மேல்மாடியைத் தனியாக வாடகைக்குக் கொடுப்பதற்காக உள்படியை அடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கடையில் மூன்று தலைமுறையாக இருந்த நானாவுக்கே அது தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. கோணலைக் கண்டால் நேராக்க வேண்டும் என்று கை துடிக்கும். கணினியில் கீறும்போது இன்னும் மோசம், கோட்டை இழுத்தாலே தானாக 90 பாகையில் போய் நிற்கும். 88 பாகை மூலையை 90 ஆக்கினால் யாருக்கு நட்டம் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு பாகைதான் அந்தச் சுவர் பிறகு சேர்த்தது என்று சொல்லியிருக்கும்.

அளவுகளே ஆளைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. கொழும்பில் ஒரு பழைய அறை 7.53 மீற்றர் வருகிறது என்று வையுங்கள். ஆங்கில அடிக்கு மாற்றினால் 24 அடி 8 அங்குலம் சொச்சம், எந்த மேசனும் அப்படி ஒரு அளவை நினைத்துக் கட்டமாட்டான். ஆனால் ஒல்லாந்தர் பாவித்த ரைன்லாந்து அடி 31.4 சென்ரிமீற்றர், நம்முடைய அடியைவிட ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத கூடுதல். அதால் வகுத்துப் பாருங்கள், கச்சிதமாக 24. ஒரு அறையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நூறு வருடச் சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குச் சுவர் வித்தியாசமாக ஏறியிருக்கும். நாலைந்து அறை இதே மாதிரி ஒத்து வந்தால் அப்போது ஒல்லாந்தர் கட்டியது என்று சொல்லத் துணியலாம்.

கோயில் வேறு விதம். ஸ்தபதிமார் கோல் கணக்கில் போகிறவர்கள், தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லும் தச்சு முழம் 33 அங்குலம். கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரம் 1857இல் தொடங்கிய கோயில், பின்னால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது அது இருட்டாகவும் குளிராகவும் இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிறகு வேறு ஒரு கோயிலை அளக்கப் போனபோதுதான் அந்த இருட்டின் சிக்கல் விளங்கியது, கர்ப்பக்கிருகத்துக்குள் நாங்கள் போக முடியாது, போகவும் கூடாது. புது டேப் ஒன்று வாங்கி, அதைக் குருக்கள் ஐயாவின் கையில் கொடுத்து, அவர் உள்ளே பூச்சிய முனையைப் பிடிக்க நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று வாசித்தோம். ஐயாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, அடுத்த நாள் அவரே மடைப்பள்ளியையும் அளக்கச் சொன்னார்.

இந்த நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்த ஒருவரைச் சொல்ல வேண்டும். நம்முடைய கொழும்பு நூதனசாலை இருக்கிறதே, 1877இல் திறந்தது, அதை வரைந்தவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். அதே ஸ்மிதர்தான் அனுராதபுரத்துத் தாதுகோபங்களையும் அளந்து கீறினார், அந்தப் படங்கள் 1894இல் அச்சில் வந்தன. தொல்பொருள் அளவைத் திணைக்களம் தொடங்கி எச். சி. பி. பெல் ஆணையாளரானது 1890இல்தான், ஸ்மிதர் களத்தில் இறங்கியது அதற்கும் முன்னால். இன்றைக்கு அந்தத் தாதுகோபங்களில் ஒன்றான ருவன்வெலிசாயவைப் பார்க்கிறவர்கள் வெள்ளைவெளேர் என்று 20ஆம் நூற்றாண்டில் திருத்தியதைத்தான் பார்க்கிறார்கள். திருத்துவதற்கு முந்திய நிலையில், மரம் முளைத்த மண்மேடாக அது எப்படி இருந்தது, எந்தக் கல் எங்கே விழுந்து கிடந்தது என்று அறிய வேண்டுமானால் அந்தக் காலத்துப் படங்களிடம்தான் போக வேண்டும். திருத்தம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, பக்தர்களுக்கு அது கும்பிடுகிற இடம். ஆனால் திருத்த முதல் அளந்து வைத்துவிட வேண்டும்.

இப்போதுதான் லேசர் ஸ்கேனர் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். உண்மைதான், முக்காலியில் ஒரு பெட்டி சுற்றிக்கொண்டு சில நிமிடத்தில் கோடிக்கணக்கான புள்ளிகளை எடுத்துவிடும். பாரிஸ் நொத்ர்டாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் அப்படி ஸ்கேன் செய்தார், 2019 ஏப்ரலில் கூரை எரிந்தது, அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, முந்திய வருடமே இறந்துவிட்டார். அவர் எடுத்த புள்ளிகள் மட்டும் இருந்தன, திருப்பிக் கட்டியவர்கள் பயன்படுத்திய ஆதாரங்களில் அவையும் சேர்ந்தன.

புகைப்படத்திலிருந்து அளப்பதும் புதுசு இல்லை. 1858இல் ஜெர்மனியில் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க மேலே ஏறிய மைடன்பவர் என்ற இளைஞர் மயிரிழையில் விழாமல் தப்பினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல் புகைப்படம் எடுத்து அதிலிருந்தே அளந்தால் என்ன என்று அன்றைக்கு அவருக்கு வந்த யோசனை வளர்ந்துதான் இன்றைய ட்ரோன் வரைக்கும் வந்திருக்கிறது. கறையான் தின்ற தீராந்தியில் கால் வைத்துத் தொங்கிய எவருக்கும் அவர்மேல் தனி மரியாதை இருக்கும்.

ஆனால் ஸ்கேனர் அந்தப் புறக்கோட்டைக் கடைக்கு வந்திருந்தால் என்ன செய்திருக்கும்? மூன்று அடியை வெறும் இடமாகக் காட்டியிருக்கும், மில்லிமீற்றர் சுத்தமாக. அந்த வெறுமை என்ன என்று கேட்பதற்கு என் மேலதிகாரி போல ஒரு ஆள் வேண்டும், பலகையைக் கிளப்பவும் ஆள் வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம், 1706இல் கட்டியது, சிலுவை வடிவம், போரில் அழிந்துபோனது. அத்திவாரத்தைத் துப்புரவாக்கினால் தரைப்படம் கிடைத்துவிடும், சுவரின் தடிப்பும் கிடைக்கும். முகப்பின் வளைவு? யன்னல் எந்த உயரத்தில் தொடங்கியது, கூரை என்ன சரிவு? அது எல்லாம் நின்ற காலத்தில் எடுத்த படத்திலும் அளவிலும்தான் இருக்கும். அதன் தம்பி என்று சொல்லக்கூடிய ஒன்று கொழும்பில் இன்னும் நிற்கிறது, புறக்கோட்டைக்கு மேலே மேட்டில் வுல்பெண்டால் தேவாலயம், 1749இல் தொடங்கி 1757இல் முடித்தது, அதுவும் சிலுவை வடிவம், சுவர் கிட்டத்தட்ட ஐந்து அடி தடிப்பு. பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம், இந்த நாட்டில் ஓநாயே கிடையாது, அது தனிக்கதை. ஒரு நாள் மெனக்கெட்டுப் போய்ப் பாருங்கள், வெயிலுக்கும் நல்ல குளிர்ச்சி.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழைய கட்டடம் என்பதற்குப் போட்ட கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்குப் பிந்தியது என்றால் வர்த்தமானியில் பெயர் குறித்து அறிவிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, மருதானைப் பக்கம் மிஞ்சியிருக்கிற வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். மரச்செதுக்கு வைத்த விறாந்தை, வர்ணக் கண்ணாடி யன்னல், எல்லாம். ஒரு கிழமை ஊருக்குப் போய் வந்தால் வெறும் வளவு. உடைக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பது நான் இல்லை. ஆனால் விற்க முதல் ஒரு சனிக்கிழமை, வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, கொப்பியில் கீறி வையுங்கள். மூலைவிட்டத்தை மறக்காதீர்கள். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று போனில் எடுங்கள், படத்துக்குள் ஒரு அடிமட்டம் தெரியட்டும். திகதி போடுங்கள். தோற்றத்தைத் திருத்தாதீர்கள், வெடிப்பு இருந்தால் வெடிப்பு, அடைத்த கதவு இருந்தால் அடைத்த கதவு.

புறக்கோட்டைக் கடையின் படம் முடிந்த பிறகு ஒரு பிரதி கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார், படிக்கட்டைக் காட்டிச் சிரித்தார், பிறகு முன்கட்டில் தூணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "தங்கச்சி, வாப்பா உக்காந்து கணக்கெழுதின இடம் இது. இதில ஒண்ணுமே போடலியே." பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளடி போட்டேன். கந்தோரில் இருக்கிற படத்திலும் போட்டு வைத்திருக்கிறேன்.