பருமனான அரசரின் வண்டி பெண்கள் கைக்கு வந்த கதை

(காட்சி: லண்டன் ஹைட் பார்க், மாலை நேரம்)

19ஆம் நூற்றாண்டின் கோடை மாலைகளில் இந்தப் பூங்காவைச் சுற்றிவந்த வண்டிகளுள் ஒரு வகையில் சாரதியின் இடத்தில் ஒரு பெண்ணே அமர்ந்து, இடக்கையில் கடிவாள வார்களையும் வலக்கையில் சாட்டையையும் பிடித்திருப்பார். சீருடை அணிந்த குதிரைக்காரரோ கைகளைக் கட்டிக்கொண்டு பின்னிருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த வண்டியின் பெயர் ஃபேட்டன்.

கிரேக்கப் புராணத்தில், சூரியனின் தேரை அடம்பிடித்து வாங்கி, குதிரைகளை அடக்கத் தெரியாமல் உலகையே எரிக்கப் பார்த்த இளைஞனின் பெயர் இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓடிய உயரமான ஃபேட்டன்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பெரிய சக்கரங்களுக்கு மேலே இருக்கை ஆடிக்கொண்டிருக்கும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் வண்டி குடைசாய்ந்துவிடும். லேடி ஆர்ச்சர், லேடி லேட் போன்ற துணிச்சல்காரர்கள் அதையும் ஓட்டினார்கள்.

(காட்சி: தாழ்வான வண்டியின் ஓவியம்)

வண்டியைத் தரைக்கு இறக்கியது ஓர் அரசரின் உடற்பருமன். ஏறி இறங்கச் சிரமப்பட்ட நான்காம் ஜார்ஜுக்காக 1824இல், மட்டக்குதிரைகள் இழுக்கும் தாழ்வான ஃபேட்டன் ஒன்று செய்யப்பட்டது. அவருக்கு உதவிய அந்தத் தாழ்ந்த படி, தரையைத் தொடும் பாவாடை உடுத்திய பெண்களுக்கு இன்னும் அதிகமாக உதவியது. சக்கரங்களின் மேல் வளைந்த மறைப்புகள் துணியில் சேறு படாமல் காத்தன. குதிரைகளின் குளம்புகள் வாரியடிக்கும் மண்ணை முன்பக்கப் பலகை தடுத்தது. இன்று காரில் நாம் டாஷ்போர்டு என்று சொல்வது அந்தப் பலகையின் பெயரைத்தான். எனக்கு மிகவும் பிடித்தது சாட்டை: அதன் தண்டிலேயே ஒரு சிறு குடையைப் பொருத்தியிருந்தார்கள், வெயில் முகத்தில் விழாமலிருக்க.

வார் பெண்ணின் கையில் இருந்தாலும், 1882ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் வரும் வரை, மணமான பெண்ணின் வண்டியும் குதிரையும் பெரும்பாலும் கணவருடைய சொத்தாகவே கருதப்பட்டன.

(காட்சி: பூங்காச் சாலையில் கூட்டம்)

வண்டி ஓட்டும் இந்தக் கலையில் பிரபுக்குலப் பெண்களையே பின்னுக்குத் தள்ளியவர் லிவர்பூலில் எளிய குடும்பத்தில் பிறந்து, செல்வர்களின் ஆதரவில் வாழ்ந்த கேத்தரின் வால்டர்ஸ். அவருடைய உடையையும் தொப்பியையும், அவரோடு பேசவே கூச்சப்பட்ட சீமாட்டிகள் பார்த்துப் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள். 1862இல் டைம்ஸ் நாளிதழுக்கு வந்த கடிதம் ஒன்று, 'அனோனிமா' (பெயரில்லாதவள்) என்ற பெயரில் அவரைச் சுட்டி, அவருடைய மட்டக்குதிரை வண்டியைக் காணக் கூடும் கூட்டத்தால், அந்த ஆண்டு நடந்த சர்வதேசப் பொருட்காட்சிக்குச் செல்லும் சாலையே அடைபடுகிறது என்று முறையிட்டது.